பின்னால வண்டி

ரெண்டு பேர் சேர்ந்து சைக்கிளில் நெடுந்தூரம் போனால், பின்னால் வருகிறவள்தான் காது. முன்னால் போகிறவளுக்குக் கடற்காற்றில் ஒரு மண்ணும் கேட்காது. "பின்னால வண்டி!" என்று பெரில் கத்துவாள், நொலீன் ஓரங்கட்டுவாள். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் இதுதான் வழக்கம். அவசரமே கிடையாது. கடல் அழகாக இருந்தால் இறங்கிவிடுவார்கள். பேக்கரி வந்தாலும் இறங்கிவிடுவார்கள்.

ஒருமுறை காற்றின் இரைச்சலை லாரி என்று நினைத்துப் பெரில் கத்தித் தொலைத்தாள். நொலீன் பதறிப்போய் முள் புதருக்குள் விழுந்தாள். "செவிட்டு முண்டமே, காத்துக்கெல்லாம் வழி விடணுமாடி?" அதைச் சொல்லிச் சொல்லியே அப்புறம் எத்தனையோ வருஷம் வறுத்தெடுத்தாள். பெரிலும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இந்த வருஷம் கிளம்பும் முன்னால் பெரிலின் மகள் கெரின், நொலீனைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா போன மாசம் அடுப்பை அணைக்காமலே கடைக்குப் போயிட்டாங்க, ஆன்ட்டி. மறதி நோய்னு டாக்டர் சொன்னதுதான் உங்களுக்குத் தெரியுமே. இனிமே தனியா இருக்கலாமா, சைக்கிள் ஓட்டலாமான்னு கூடவே இருந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

நல்ல வேலை கொடுத்தாள் மகராசி! நொலீன் தலையை ஆட்டிவிட்டாள். சிநேகிதியை வேவு பார்க்கவா இத்தனை வருஷம் கூட ஓட்டினேன் என்று முனகிக்கொண்டே சைக்கிளுக்குக் காற்றடித்தாள்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்டதை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி தின்றார்கள். பெரில் தன்னுடையதைத் தின்றுவிட்டு நொலீனுடையதிலும் கை வைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, டாக்டருக்கு என்ன தெரியும் என்று நொலீன் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கமாண்டர் பாலம் தாண்டியதும் மரம் ஏற்றிய லாரி ஒன்று நொலீனின் முழங்கையை உரசாத குறையாகப் போனது. பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. நொலீன் சரளைக் கல்லில் தடுமாறி, எப்படியோ விழாமல் நின்றாள்.

பெரில் சாவகாசமாக வந்து சேர்ந்தாள். "கழுகு பறந்துச்சே, பாத்தியாடி?"

"லாரியைப் பாக்கலையா?"

"எந்த லாரி?"

சரளையில் நொலீனின் சைக்கிள் இழுத்த கோட்டைப் பார்த்ததும் பெரிலின் முகம் செத்துவிட்டது. "நான் கத்தலையா?"

"கத்துனே, கத்துனே. எனக்குத்தான் கேக்கலை. நீ வேணா முன்னால போறியா?"

"மாட்டேன். என் இடம் பின்னாலதான்."

கொஞ்ச தூரம் போனதும், "பின்னால வண்டி!"

நொலீன் ஓரங்கட்டினாள். எதுவும் வரவில்லை. ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. மறுபடி மிதித்தார்கள். வளைவில் மறுபடியும், "பின்னால வண்டி!" அப்புறம் மேட்டில். அப்புறம் இறக்கத்தில். ஒவ்வொரு முறையும் நொலீன் ஓரத்தில் காலூன்றி, இல்லாத வண்டி போகும்வரை நின்று, பிறகு கிளம்பினாள். முன்னால் போகிறவள் அழுதால் பின்னால் தெரியாது, அந்த மட்டும் நல்லது.

பயணம் முடியும் பிஷனோ ஊரில் கெரின் காரோடு காத்திருந்தாள். "எப்படி ஆன்ட்டி?"

நொலீன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தாள். "உங்கம்மாவுக்குப் பாம்புக் காதுடி. ஒரு வண்டியைக்கூட விடலை."

பெரில் ஹெல்மெட்டைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். "பொய் சொல்லாதடி நொலீன். இன்னொரு லாரியை விட்டுடுவேனோன்னு பயந்து பயந்து கத்துனேன். வருதா இல்லையான்னு எனக்கே தெரியலை. வெறும் ரோட்டுக்குத்தானே கத்துனேன்?"

"யாரு சொன்னது?"

"நீதான். அத்தனை தடவை ஓரங்கட்டுனியே, ஒரு தடவையாவது என்னைத் திட்டுனியா?"

கெரின் அம்மாவின் சைக்கிளைத் தூக்கிக் காரில் கட்ட ஆரம்பித்தாள்.

பெரில் நொலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை திட்டுடி."

"செவிட்டு..." என்று ஆரம்பித்தாள் நொலீன். அதற்கு மேல் வரவில்லை.