உலக்கைக் கைக்குத் தாங்குமா?

என் வீட்டுக்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர் உலக்கை. ஆள் ஒல்லிதான், கைதான் அப்படி. கதவைச் சாத்தினால் சுவர் அதிரும். குழாயை மூடினால் மறுநாள் என்னால் திறக்க முடியாது. இப்படிப்பட்டவர் டிஜே வேலைக்குப் போனால் அந்தச் சாமான்களின் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கையை நம்பித்தான் என் பிழைப்பு நடக்கிறது. அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்காக டிஜே கன்ட்ரோலர்களைப் பற்றி ஓர் இணையதளத்தில் விமர்சனம் எழுதுகிறேன். மடிக்கணினியில் இருக்கும் பாட்டுகளை இரண்டு சக்கரங்களாலும் சில பொத்தான்களாலும் கலந்து ஓட்டுகிற பலகை அது. விலை குறைந்தவற்றில் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பில்தான் வித்தியாசம். சக்கரம் ஆடுகிறதா, உள்ளே போன பொத்தான் வெளியே வருகிறதா, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஃபேடர் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் இதற்கெல்லாம் கருவி வைத்திருக்கிறார்கள். நான் வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் கொடுத்துவிடுவேன். அவர் கையில் உடைந்தால் கம்பெனிக்குத் திரும்பிப் போகும், பிழைத்தால் எங்களோடு தங்கும். கம்பெனிக்காரர்களும் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான்.

இதுவரை பிழைத்தது ஒன்றே ஒன்று. தூக்கினால் தோள் கழன்றுவிடும், அவ்வளவு கனம். ஃபேடரும் முரடு. அதில் அவர் வாசித்தால் பாட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும்.

சமீபத்தில் வந்தது வேறு மாதிரி. மெலிசாக, கறுப்பாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க முன்னறையில் அவர் வாசித்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அடுப்பில் வைத்ததை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். பலே கன்ட்ரோலர் என்று நினைத்து, கட்டமைப்புக்குப் பத்துக்கு ஒன்பது போட்டு விமர்சனத்தை எழுதியும் முடித்தேன்.

அனுப்புவதற்கு முன் படம் எடுக்கலாம் என்று வெளிச்சத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன். தாளத்துக்கு அடிக்கிற ரப்பர் சதுரங்கள் கடையிலிருந்து வந்தபடி இருந்தன. பொத்தான்களில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. வழக்கமாக அவர் கை பட்டால் இரண்டு நாளில் எழுத்தைத் தேட வேண்டியிருக்கும்.

"இந்த வாரம் இதை வாசிச்சீங்களா, இல்ல வேடிக்கை பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"வாசிச்சேனே. நீயும்தான் கேட்ட."

"அப்புறம் எப்படி இது புதுசு மாதிரியே இருக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல் துடைக்கிற துணியை மடித்தார். "மெதுவா தொட்டேன்."

"நீங்களா?"

"உடைஞ்சா பெட்டியில போட்டு அனுப்பிடுவ. எனக்கு இது வேணும்மா. கைக்கு அவ்வளவு அடக்கமா இருக்கு. ஞாயித்துக்கிழமை இதை எடுத்துட்டுப் போகலாம்னு பாத்தேன்."

ஞாயிறு விஷயம் எனக்கும் தெரியும். ஒரு நடனக்கூடத்தில் வாரந்தோறும் பிற்பகலில் வாசிக்கிற வேலை அவருக்குக் கிடைக்க இருந்தது. போன தடவை, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், அவர் சொந்தமாக வாங்கி வைத்திருந்த கன்ட்ரோலரின் ஃபேடர் கையோடு வந்துவிட்டது. பாட்டு நின்று கூட்டமே அவரைப் பார்த்தது. கூடத்து முதலாளியம்மா நல்ல மனுஷி, இன்னொரு வாய்ப்பு தந்தார். மறுபடி நின்றால் அதோடு சரி என்றும் சொல்லிவிட்டார்.

இருந்தாலும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் எழுதுறதை நம்பி ஒருத்தன் இதை வாங்குவான். அவனும் உங்களை மாதிரி அடிக்கிறவனா இருந்தா என்ன பண்றது? வழக்கமா அடிக்கிற மாதிரி ஒரே ஒரு அடி அடிங்க."

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானே அடிக்கிறேன் என்று போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்தேன். பொத்தான்களைத் தாங்கியவை தீக்குச்சி கனத்தில் பிளாஸ்டிக் தண்டுகள். ஃபேடரை இரண்டே திருகுகள் பிடித்துக்கொண்டிருந்தன, அதுவும் வெறும் பிளாஸ்டிக்கில். ஒன்பதை அழித்து நான்கு போட்டேன். மெதுவாகத் தொடுகிறவர்களுக்கு அருமை, ஓங்கி அடிக்கிறவர்கள் கிட்டேயே போக வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.

அவர் படித்துவிட்டு, "நியாயம்தான்" என்றார். "நான் அந்தக் கனமானதையே எடுத்துட்டுப் போறேன்."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் நான் கேட்டு மயங்கியது கன்ட்ரோலரை அல்ல, இவரைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு அழகாக வாசிக்க வரும் என்பது இத்தனை நாள் கூட இருந்த எனக்கே தெரியாது.

"புதுசையே எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"உடைஞ்சிட்டா?"

"நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நின்னு என்ன பண்ணுவ?"

"திட்டுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. முதலாளியம்மா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டுகள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. பிறகு தாளம் ஏறியது, கூட்டம் கத்தியது, அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்தத் தோளை எனக்குத் தெரியும். கை மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பளார் என்று ஒரு சத்தம் கேட்டது.

பாட்டு நிற்கவில்லை. கண்ணைத் திறந்தேன். இடது கை சக்கரத்தைப் பூப்போல் தடவிக்கொண்டிருந்தது. வலது கை மறுபடி உயர்ந்து, மேசைக்குக் கீழே இறங்கி, அவருடைய தொடையில் விழுந்தது. நிகழ்ச்சி முடியும்வரை அப்படியேதான் நடந்தது. முடிந்ததும் முதலாளியம்மா வந்து, "அடுத்த வாரத்துலேருந்து நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது தொடை கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன்.

"என்னங்க இது?"

"அடிக்காம இருக்க முடியலம்மா. எங்க அடிச்சா யாருக்கும் நஷ்டம் இல்லன்னு பாத்தேன்."

"அப்ப நான் யாருங்க?" என்றேன். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.