இட்வல் பெயரில் போன குப்பி

வேல்ஸ் பள்ளத்தாக்கின் அந்தச் சின்ன ஊரில், ரக்பி கிளப் சுவரில் எலுனெட் மாட்டியிருந்த பலகையில் இட்வல் பெயருக்கு நேரே மட்டும் டிக் இல்லை. ஐம்பது ஆனவர்களுக்கெல்லாம் தபாலில் ஒரு குப்பி வரும். குச்சியால் கொஞ்சம் மலத்தைத் தொட்டு அதில் போட்டுத் திருப்பி அனுப்பினால், குடல் புற்றுநோய்க்கான அறிகுறி உண்டா என்று பார்த்துச் சொல்வார்கள். எலுனெட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஊரில் எல்லோரையும் குப்பி அனுப்பவைத்து டிக் போடும் சம்பளமில்லாத வேலையை உடும்பாகப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்தோறும் இட்வல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ரக்பி களத்துல எத்தனை பேரைப் புரட்டிப் போட்ட ஆளு நீ! ஒரு குச்சிக்கா பயப்படுற?"

"பயமெல்லாம் இல்லக்கா. குமட்டுது."

இட்வலின் மனைவி நெரிஸுக்கு வயது நாற்பத்தேழு. ஒன்பதாவது செவ்வாயன்று அவள் பொறுமை தீர்ந்தது. எலுனெட் போனதும் குப்பியைத் தூக்கிக்கொண்டு தானே குளியலறைக்குள் போனாள். புருஷன் பெயர் ஒட்டிய குப்பியில் தன்னுடையதைப் போட்டுத் தபாலில் சேர்த்தாள். பலகையில் டிக் விழுந்தது. கிளப்பே கைதட்டியது. இட்வலும் வெட்கமில்லாமல் கையசைத்தான்.

இரண்டு வாரத்தில் அவன் பெயருக்குக் கடிதம் வந்தது: மாதிரியில் இரத்தம் இருக்கிறது, மேல் பரிசோதனைக்கு வரவும். நெரிஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

"அது உன்னோடதுதானே, நெரிஸ்?" என்றான் இட்வல்.

மழையோடு மழையாக அவள் எலுனெட் வீட்டுக்கு ஓடினாள்.

"அறிவிருக்கா உனக்கு? அவன்தான் கழுதைன்னா நீயுமா?" என்று கத்திய எலுனெட், மறுகணமே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அழாத கண்ணு. காலைல டாக்டர்கிட்ட நானும் வரேன். நடந்ததை அப்படியே சொல்லிடு."

சொன்னார்கள். பரிசோதித்ததில் நெரிஸின் குடலில் கட்டி இருந்தது. சின்னது, எங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்தார்கள்.

"ஐம்பது வயசாகி உங்க பேர்ல குப்பி வர்ற வரைக்கும் இது சும்மா இருந்திருக்காது" என்றார் டாக்டர்.

எலுனெட் திராட்சைக் கேக்கோடு நெரிஸைப் பார்க்க வந்தாள். இட்வல் எழுந்து நாற்காலி கொடுத்தான். புதுக் குப்பி வாங்கித் தானே நிரப்பி அனுப்பிவிட்டதாக, யாரும் கேட்காமலே சொன்னான்.

"என் தொல்லை தாங்காமத்தானே அப்படிப் பண்ணின? உன்னை நான் திட்டியிருக்கக் கூடாது" என்றாள் எலுனெட்.

நெரிஸ் அவள் கையை விடவே இல்லை.

"எட்டு வாரத்தோட சலிச்சுப் போய் விட்டிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்? ஒன்பதாவது வாரமும் வந்தீங்களேக்கா."