மாரிசெல்வியின் இரண்டாவது சாட்சி

எங்கள் ஆமத்தூர் ஜெபவீட்டில் அல்லேலூயா சொல்ல நல்ல தொண்டை வேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார்கள். மாரிசெல்வி எழுந்து நின்று, "இயேசப்பா என் வலிப்பை எடுத்துப்போட்டாரு" என்று சாட்சி சொன்ன அன்று தகரக் கூரை அதிரக் கத்தியதும் நான்தான். ஏன் கத்தமாட்டேன்? அவள் கண் சொருகி விழுந்ததைப் பார்த்துப் பயந்து, தாய்வீட்டில் கொண்டுபோய்த் தள்ளியிருந்தான் புருஷன் காளீஸ்வரன். சாட்சியைக் கேள்விப்பட்டுத்தான் திரும்ப அழைத்துக்கொண்டான். இப்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஜெபத்துக்கு வருகிறார்கள். பார்க்கவே மனசு நிறைந்துபோகும்.

ஒருநாள் பட்டாசுக் கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்த எங்கள் சபை நாகஜோதி ஒரே சிரிப்பாக இருந்தாள். அவள் மகள் இசைவாணிக்கும் அதே வலிப்புதான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

"அக்கா, எம்மகளுக்கு மாத்திரையை நிப்பாட்டிட்டேன். எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டேன். மாரிசெல்விக்குச் செஞ்சவரு எம்பிள்ளைக்குச் செய்யமாட்டாரா?"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வேனைவிட்டு இறங்கியதும் நேரே மாரிசெல்வி வீட்டுக்குப் போய், உன்னால் இன்னொரு வீட்டுக்கும் விசுவாசம் வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"அய்யோ அக்கா! நான் இன்னும் மாத்திரை திங்கிறேன்க்கா. அவருக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்."

"என்னடி சொல்ற?"

"பாஸ்டர் ஐயா ஜெபிச்சாக. அதுக்கு முன்னாடியே மாத்திரையில வலிப்பு நின்னுபோச்சு. நான் பொய் சொல்லலக்கா, மாத்திரைய மட்டும் சொல்லாம விட்டுட்டேன்."

"அதுதாண்டி பொய்!" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு அறை கொடுத்திருப்பேன். அவள் அழுத அழுகையில் கை எழவில்லை.

"சொன்னா அவரு மறுபடி எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவாருக்கா. இந்தத் தடவை விட்டா அம்புட்டுதான்."

அதுவும் உண்மைதான், என்ன செய்ய? பிள்ளையாவது தப்பட்டும் என்று நாகஜோதியிடம் போய் விஷயத்தைச் சொல்லி, மாத்திரையைத் திரும்பக் கொடு என்றேன். அவள் என்னைச் சாத்தானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சபையில எந்திரிச்சு நின்னு சொன்னதுதான் சாட்சி. நீங்க காதுல வந்து ஓதுறது புறணி. அக்கா, நீங்களா இப்படிப் பேசுறீக?"

சனிக்கிழமை சாயங்காலம் தெருக்குழாயடியில் விழுந்தது பிள்ளை. கை கால் வெட்டி இழுத்தது, உதடு கிழிந்து ரத்தம். ஓடிப்போய்த் தூக்கினேன். அப்போதும் நாகஜோதி, "இது சோதனைக்கா, தாங்கிக்கிட்டா சுகம் வரும்" என்று பிள்ளையின் உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை எனக்கு. பெத்தவள் அல்லவா, எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே செய்வாள். கூட்டத்துக்குப் பின்னால் மாரிசெல்வியும் நின்றாள். நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மாரிசெல்வி எழுந்தாள். பாஸ்டர் ஐயா சிரித்த முகமாக மைக்கைக் கொடுத்தார்.

"எனக்கு வலிப்பு போகல. மாத்திரையாலதான் நின்னிருக்கு. இன்னைக்குக் காலையிலகூடத் தின்னுட்டுத்தான் வந்தேன். நாகஜோதிக்கா, என்னையப் பார்த்து எதையும் செய்யாதீக. பிள்ளைக்கு மாத்திரையக் குடுத்துருங்க."

சபையில் எல்லோரும் நாகஜோதி பக்கம் திரும்பினார்கள். ஆண்கள் பக்கம் காளீஸ்வரன் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனான். அதைப் பார்த்தபடியேதான் மாரிசெல்வி நின்றாள், உட்காரவில்லை.

பாஸ்டர் ஐயா மெதுவாகச் சொன்னார்: "மாத்திரை சாப்பிடுறியாம்மான்னு நான் ஒருவார்த்தை கேட்டிருக்கணும். கேட்காம விட்டது என் தப்பு. டாக்டரைக் குடுத்ததும் ஆண்டவர்தான்."

நாகஜோதி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நானும் எழுந்து ஓடினேன். அவள் மாரிசெல்வியின் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிவிட்டு, "கொட்டிட்டேனேடி, எல்லாத்தையும் கொட்டிட்டேனே" என்று அவள்மேலேயே சாய்ந்து அழுதாள்.

"எங்கிட்ட இருக்கு, ஆனா பெரியவுக மாத்திரை. பிள்ளைக்கு எம்புட்டுன்னு டாக்டரத்தான் கேக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா" என்றாள் மாரிசெல்வி.

நான் வெளியே வந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்ற வெறி எனக்கு. காளீஸ்வரன் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் கேட்டான்.

"எனக்குத் தெரியாம எங்கனக்கா வச்சிருந்தா மாத்திரைய?"

"அரிசிப் பானைக்குள்ள."

"எனக்குப் பயந்தா?"

"பின்னே யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு மாத்திரைய எம்முன்னாடி திங்க முடியலயே அவளுக்கு," என்றான். "நான் அம்புட்டுப் பொல்லாதவனாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுகிற ஆம்பளையிடம் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் உள்ளே ஒருத்தி அவ்வளவு பாடுபட்டு உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கிறாள்.

"ஆமாய்யா," என்றேன். "அம்புட்டுப் பொல்லாதவனாத்தான் இருந்த."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, உள்ளே போனான்.