எட்டு மஞ்சள் பொட்டு

சர்வீஸ் சென்டரில் எனக்குப் பட்டப்பெயர் பொட்டு. சக்கரத்து நட்டு ஒவ்வொன்றையும் அளவு பார்த்து இறுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பொட்டு இருந்தால் நட்டு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் ஏனோதானோவென்று தீற்றுவார்கள். நான் வைத்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒரு திருட்டுத்தனமும் உண்டு. ரெஞ்சு, பிரஷ், மறுபடி ரெஞ்சு என்று மாற்றி மாற்றி எடுத்தால் கையெல்லாம் பெயிண்டாகும், நேரமும் போகும். அதனால் ஒரு சக்கரத்தின் எல்லா நட்டுக்கும் முதலிலேயே பொட்டு வைத்துவிட்டு, பிறகு வரிசையாக இறுக்குவேன். ஒன்பது வருஷமாக இப்படித்தான். யாருக்கும் தெரியாது.

அன்று காலை தங்கையின் கணவர் தன் புது பிக்கப்பை முதல் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். இருபது வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டித் தேய்ந்த மனிதருக்கு வாய்த்த முதல் சொந்த வண்டி. பெரிய பாரம் இழுக்கிற ரகம், சக்கரத்துக்கு எட்டு நட்டு. சர்வீஸ் முடிந்ததும் ஒரு ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு மலைமேல் உள்ள விடுதியில் இறக்க வேண்டும். உல்லாசமாக இருக்கட்டும் என்று தங்கையையும் என் ஆறு வயது மருமகளையும் கூட்டி வந்திருந்தார்.

ஆயில் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன். முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் போட்டேன். மூன்று சக்கரம் இறுக்கி, கடைசியாகப் பின்பக்கத்து இடது சக்கரத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், வண்டியோட எங்க மூணு பேரையும் ஒரு போட்டோ எடுங்களேன்."

"வேலை நடக்கும்போதா? கொஞ்சமாவது அறிவு இருக்கா மாப்பிள்ளை?" என்று கடிந்துகொண்டேதான் என் போனை எடுத்தேன்.

அவர்கள் கிளம்பும்போது உபதேசம் வேறு செய்தேன். "ஓட்டும்போது போனைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவைப் பார்த்தேன். மருமகள் இரண்டு விரலை நீட்டிச் சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் அந்தச் சக்கரம். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு நட்டிலும் மஞ்சள் பொட்டு. மூன்றாவது நட்டில் ரெஞ்சு மாட்டியபடி இருந்தது.

டப்பாவை மூடினேன். சரியான இறுக்கம் வந்தால் அந்த ரெஞ்சு 'டக்' என்று சொல்லும். போட்டோவுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் இருந்தது ஒன்றுதான். திரும்பி வந்தபோது எட்டுப் பொட்டும் பளபளவென்று இருந்தன. முடிந்துவிட்டது என்று ரெஞ்சைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். என் பொட்டை நானே நம்பிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் பேச்சை அந்த மனிதர் கேட்ட ஒரே நாள் அது. தங்கையின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

சூப்பர்வைசரின் பைக்கில் ரெஞ்சுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துக் கம்பித் தடுப்பு முழுசாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். முழுசாக இருந்தால் அடுத்த வளைவு வரை மூச்சு வந்தது.

ஒன்பதாவது வளைவைத் தாண்டி வண்டி ஓரமாக நின்றிருந்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் உறுமியது. பைக்கைக் குறுக்கே போட்டேன்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"வண்டிய அணைங்க. எல்லாரும் இறங்குங்க."

"பின்னாடி லேசா ஒரு ஆட்டம் இருந்துச்சு," என்றார் இறங்கிக்கொண்டே. "இறங்கிப் பாத்தேன். எல்லா நட்டுலயும் உங்க பொட்டு இருந்துச்சு. அப்புறம் எதுக்குப் பயம்னு கிளம்பிட்டேன்."

மண்டியிட்டேன். ஐந்து நட்டு விரலுக்கே சுழன்றன. அதில் ஒன்று கையோடு வந்துவிட்டது. அதன் மேல் மஞ்சள் துளிகூடக் கலையவில்லை.

எட்டையும் இறுக்கினேன். மற்ற மூன்று சக்கரத்தையும் மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு 'டக்'குக்கும் மாப்பிள்ளையின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. முடித்துவிட்டு, பொட்டை நான் எப்போது வைப்பேன் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

தங்கை தன் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒன்பது வருஷமா எல்லா வண்டிக்கும் இப்படித்தானா அண்ணா?"

"ஆமா."

"எங்களுக்குப் போட்டோ இருந்துச்சு," என்றாள். "மத்தவங்களுக்கு?"

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. கீழேயிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. முதல் காரின் சக்கரத்தைப் பார்த்தேன், பொட்டு இல்லை. அடுத்த லாரியிலும் இல்லை. மூன்றாவதாக ஒரு வேன் வந்தது, உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். அதன் சக்கரத்தில் மஞ்சள் தெரிந்தது. நடுரோட்டுக்கு ஓடிப்போய்க் கை காட்டினேன்.