ராஜபாய் கேட்ட ஒரு வருஷம்

ரசலையன் அடுப்படியில் சாயா போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்தது. முன்னறையில் அவர் மனைவி ராஜபாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் ரெனிஷா. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்காகக் கேட்டு எழுத வந்த பெண். மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்து கேட்பாளாம்.

நடக்க முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, வலி உண்டா, மனசு சோர்ந்து போகிறதா என்று கேட்டதற்கெல்லாம் ராஜபாய், மகளிடம் சொல்வதுபோல "பரவால்ல மக்களே" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு ரெனிஷா பூஜ்யத்திலிருந்து நூறு வரை வரைந்திருந்த ஒரு கோட்டைக் காட்டினாள். மேலே நூறு, நல்ல ஆரோக்கியம். கீழே பூஜ்யம், ஆக மோசம். இன்றைக்கு எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு ராஜபாயின் விரல் முப்பதில் போய் நின்றது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. சும்மா நினைச்சுப் பாக்கதுக்குத்தான். இப்ப இருக்க மாதிரியே பத்து வருஷம் இருக்கலாம். இல்லேன்னா நோய் ஒண்ணும் இல்லாம கொஞ்ச காலம் இருக்கலாம், ஆனா அதோட ஆயுசு முடிஞ்சிரும். எத்தனை வருஷம் கிடைச்சா போதும்பீங்க?"

ராஜபாய் யோசிக்கவே இல்லை. "ஒரு வருஷம் போதும்."

"ஒம்பது வருஷத்த விட்டுருவீங்களா?"

"விட்டுருவேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ரசலையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். ராஜபாய்க்குக் கிட்னி போன நாளிலிருந்து அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன்னே திருவட்டாறிலிருந்து நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கறி வைப்பார். அளவுக்கு மேல் குடித்தால் ஆகாது என்பதால் அவள் குடிக்கும் தண்ணீரை அளந்து வைப்பார். சர்ச்சில் யாராவது விசாரித்தால், "சுகமா இருக்கா, கர்த்தர் கிருபை" என்பார். பெருமையாகவே சொல்வார்.

ரெனிஷா போன பிறகு கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?"

"ஒண்ணும் வைக்கல்ல."

"பின்ன எப்படி அப்பிடிச் சொன்ன? அந்த ஒம்பது வருஷத்துல நானும் உண்டும்லா."

ராஜபாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு அளந்து வச்சிட்டு, நீங்க தண்ணி குடிக்க வெளிய போறது எனக்குத் தெரியும். எனக்க முன்ன ஒரு வாய் குடிக்க மாட்டிய. அப்படி ஒம்பது வருஷம் ஒங்களப் பாத்துட்டு கிடக்கணுமா நான்?"

அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மாதத்தில், டயாலிசிஸ் ஊசி போட அவள் கையில் ஆபரேஷன் செய்து சேர்த்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி புகுந்து குளிரும் காய்ச்சலும் வந்தது. அதை எடுத்துவிட்டு, தொடையில் போட்டுப் பார்க்கலாம், டயாலிசிஸ் இல்லாவிட்டால் சில நாள்தான் என்றார் டாக்டர். ராஜபாய், "போதும் சாரே, இனி எங்கயும் குத்தாண்டாம்" என்றாள்.

மஸ்கட்டிலிருந்து மகள் ஜாஸ்மி போனில் அழுதாள். "நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா அம்மா கேப்பா."

அது உண்மைதான். கல்யாணமான நாள் முதல் அவர் வற்புறுத்திச் சொன்ன எதையும் ராஜபாய் தட்டியதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் சம்மதித்துவிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அன்றைக்கு அடுப்படியில் நின்று அவள் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். உள்ளே போய் அவள் பக்கத்தில் குனிந்து, "வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டார். ராஜபாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், "இனி ஆசைப்பட்டதக் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது கருக்கு. கிட்னி போன நாளிலிருந்து அவள் வாயில் படாத இளநீர். அவர் இரண்டு வெட்டிக்கொண்டு வந்தார். ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவள் பார்த்திருக்க மற்றதைத் தானும் குடித்தார். மறுநாள் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் விரலை நக்கிக்கொண்டாள். ஜாஸ்மியும் வந்து சேர்ந்தாள்.

இந்த நேரத்தில்தான் ரெனிஷா மறுபடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே திகைத்து நின்றாள். "நான் போறேன் அங்கிள்" என்றவளை ராஜபாய்தான் உள்ளே கூப்பிட்டாள்.

"கேளு மக்களே. அதுக்குத்தான வந்த?"

ரெனிஷா தயங்கிக்கொண்டே அந்தக் கோட்டைக் காட்டினாள். ராஜபாயின் வீங்கிய விரல் மெதுவாக மேலே ஏறி எழுபதில் நின்றது. தவறுதலாக வைத்துவிட்டாள் என்று நினைத்து ரெனிஷா மேல் எது கீழ் எது என்று மறுபடி விளக்கினாள்.

"தெரியும் மக்களே. அங்கதான்."

ரசலையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இத்தனை வருஷம் விழுந்து விழுந்து பார்த்ததற்கு முப்பது. அளப்பதையும் வடிப்பதையும் விட்டதும் எழுபது. வெளியே போய் வேனுக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். அவள் கஷ்டம் தனக்குத் தெரியாமலேயே போய்விட்டதே என்று அழுதார். அவள் போகப் போகிறாளே என்றும் அழுதார். எதற்காக அதிகம் அழுதோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில் ராஜபாய் போனாள். பெரிதாகக் கஷ்டப்படவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போய், ஒருமுறை அடுத்த மூச்சு வரவில்லை. அவள் கால்கள் அவர் மடியில் இருந்தன.

அடக்கமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, ஜாஸ்மி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா கேட்டிருப்பால்லாப்பா?"

"கேட்டிருப்பா."

"பின்ன ஏன்ப்பா சொல்லல்ல?"

"கேட்டிருவான்னு பயந்துதான் மக்களே."

மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.