நாலு சிவப்பு மூடி

அட்டைப்பெட்டியை அண்ணன் மேசைமேல் வைத்த பக்குவத்தைப் பார்த்தால், உள்ளே பூனைக்குட்டி ஏதும் தூங்குகிறதோ என்று தோன்றும். ஐம்பத்தாறு வயது ஆள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். அவர் இப்போது நகத்தால் ஒட்டுத்தாளைக் கீறிக்கொண்டு, பிறந்தநாள் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, கண்ண மூடிக்கோ."

"வேலை தலைக்கு மேல கிடக்குண்ணே. தெறந்து காட்டு."

பாப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அண்ணனுக்கு மட்டும்தான் அவள் பாப்பா. அவள் நடத்துகிற கார்ப் பட்டறையில் எல்லாருக்கும் அவள் பிரேக்கம்மா. இருபத்திரண்டு வருடமாக பிரேக் வேலை தவிர வேறெதையும் தொட்டதில்லை. என்ஜினில் சத்தம் வருகிறது என்று யாராவது வந்தால் பக்கத்துப் பட்டறைக்குக் கையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

பெட்டிக்குள் நாலு மூடிகள் இருந்தன. அலுமினியத் தகட்டை வளைத்து, மிளகாய்ப்பழச் சிவப்பில் சாயம் பூசியிருந்தார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை எழுத்தில் ஏதோ பந்தயப் பெயர். சக்கரத்துக்குள்ளே பிரேக் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக்கு காலிப்பர் என்று பெயர். அது அழுக்கும் துருவுமாகத்தான் இருக்கும், அதன் தொழில் அப்படி. அதன்மேல் இதைக் கவிழ்த்து மாட்டிவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஏதோ பந்தய வண்டியின் ராட்சத பிரேக் மாதிரி தெரியும்.

அண்ணன் மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். தரையோடு தரையாக ஊர்கிற சாம்பல் நிற வண்டி. அதில் அவர் போகிற வேகத்துக்கு சைக்கிள்காரர்கள் மணி அடித்து வழி கேட்டார்கள்.

"இது பிரேக் இல்லண்ணே. பிரேக்குக்கு முகமூடி" என்றாள் பிரேக்கம்மா.

"எனக்குத் தெரியாதா? உங்க அண்ணிக்குத் தெரியாதுல்ல."

அவள் மூடியைக் கீழே வைத்தாள்.

"மூணு வாரமா கூப்பிடறேன், ஒருநாள்கூட ஏறி உக்கார மாட்டேங்கறா. பயம். இந்தச் செவப்பப் பாத்தா நம்பிக்கை வரும். நீயும் ஒரு வார்த்தை சொல்லு, பெரிய பிரேக் மாத்தியாச்சுன்னு. நீ சொன்னா எடுபடும்."

"நான் சொன்னா எடுபடுமா?" என்று கேட்டாள் அவள். அண்ணன் குனிந்து, பக்கத்தில் நின்ற அந்த வண்டியின் சக்கரத்தைத் தடவினார்.

தன் கேள்வி அண்ணனை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் அண்ணன் தன் பழைய காரைக் கொண்டுபோய், சிவனே என்று நின்றுகொண்டிருந்த லாரியின் முதுகில் மோதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் அண்ணன். போலீஸிடம், சொந்தக்காரர்களிடம், நலம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் அதையேதான் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த வண்டிக்குப் புது பிரேக் மாட்டியது பிரேக்கம்மா.

நொறுங்கிக் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்தாள் அவள். பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது. எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலிப்பருக்குள் தட்டை அழுத்துகிற, அவள் மாட்டிய பேட் நாலும் புதுக் கருக்கு குலையாமல் இருந்தன. தப்பு பிரேக்கில் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே அண்ணன் வந்து, "பாப்பா, நீ ஒண்ணும் சொல்லிடாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவள் மென்று விழுங்கிவிட்டாள். அண்ணன் மானம் போகக் கூடாது என்று தன் தொழிலின் மானத்தைக் கொடுத்ததாக அவளுக்கு ஒரு நினைப்பு. அதன் பிறகு அண்ணி தன்னுடைய சின்னக் காரை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே இல்லை. ஊரின் அந்தக் கோடியில் யாரிடமோ விடுகிறார். நல்ல நாளில் சிரித்துப் பேசுவார், சாப்பிட்டாயா என்பார். வண்டி மட்டும் வராது. வருடத்துக்கு வருடம் அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

"மாட்டித் தர்றேன்" என்றாள் கடைசியில். "அண்ணிகிட்ட பொய் சொல்லச் சொல்லாத."

வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு வேடிக்கை கிடையாது. முகமூடியானாலும் சக்கரத்தில் உரசினால் ஆபத்துதான். வண்டியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றினாள். காலிப்பரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பேட்டின் தடிமன் பார்த்து, தேய்ந்திருந்த இரண்டை மாற்றினாள். பிறகுதான் மூடிகள். ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் பிள்ளைகள் பொம்மை பிசைகிற களிமண்ணில் பட்டாணி அளவு உருண்டை ஒட்டி, சக்கரத்தைத் திரும்ப மாட்டிக் கையால் சுற்றி, மறுபடி கழற்றி, உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்து இடைவெளியை அளந்தாள். பின்பக்கம் வலது மூடியில் களிமண் அப்பளமாகிப்போயிருந்தது. மூடியின் கவ்வியை வளைத்து, ஓரத்தை அரம் போட்டு, மூன்று தடவை மாட்டிக் கழற்றிய பிறகுதான் அவளுக்குத் திருப்தி. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனையையும் கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் வேலை முடிகிற நேரத்தில், அண்ணன் போனில் கூப்பிட்டு அண்ணி வந்தார். மருந்துக்கடையில் வேலை அவருக்கு. சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டார். அதே பார்வையோடு குனிந்து, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே மின்னுகிற சிவப்பைப் பார்த்தார்.

"எப்படி?" என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ரேஸ் வண்டி பிரேக். மலையில இருந்து உருட்டி விட்டாலும் நிக்கும். பாப்பாதான் மாட்டினா."

அண்ணி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்படியா?"

பிரேக்கம்மாவுக்கு ஆமாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் வேலை முடியல அண்ணி" என்று சொல்லிவிட்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உருளை வைத்த பலகையைப் போட்டுப் படுத்தாள். "அண்ணே, ஏறி உக்காரு. மிதிச்சுப் பாக்கணும்."

இது அவள் பட்டறையின் சட்டம். பிரேக் வேலை முடிந்தால் வண்டிக்காரர்தான் ஏறி மிதிக்க வேண்டும். நாளைக்கு ரோட்டில் எந்தக் கால் மிதிக்கப் போகிறதோ அந்தக் கால் இன்றைக்கே மிதித்துப் பழகட்டும் என்பாள். அவள் கீழே படுத்து, காலிப்பர் கவ்வுகிறதா என்று பார்ப்பாள். அண்ணன் பாதி மடங்கி, பாதி விழுந்து, அந்தத் தாழ்ந்த இருக்கையில் போய்ச் சேர்ந்தார். கதவு திறந்தே இருந்தது. அண்ணி கதவோரமாக வந்து நின்றுகொண்டார்.

"மிதி."

டக்கென்று பிடித்தது.

"விடு. மிதி. நல்லா அழுத்து."

"அழுத்தறேன்" என்றார் அண்ணன். "பாத்தியா, எப்படிப் பிடிக்குது?"

அண்ணி அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மாத்திரை எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"அன்னைக்கு இந்தக் கால் இப்படி எறங்கவே இல்லையே."

சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக்கம்மா விளக்கைப் பிடித்தபடி அப்படியே கிடந்தாள்.

"என்ன சொல்றே?" என்றார் அண்ணன். முகத்தில் ஈயாடவில்லை.

"லாரி நின்னுட்டு இருந்துச்சு. நீங்க தலையத் திருப்பி ரோட்டோட எதிர் வாடையில இருந்த கார் கடையப் பாத்துட்டு இருந்தீங்க. நான் கத்தினேன். நான் உங்க காலத்தான் பாத்தேன், பிரேக்குக்குப் போகுதான்னு. அது இருந்த எடத்துலயே இருந்துச்சு."

பிரேக்கம்மா பலகையோடு உருண்டு வெளியே வந்து எழுந்தாள். பாதி நிம்மதி, பாதி கோபம். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி? தெரிஞ்சுமா ஏழு வருஷமா என்கிட்ட வண்டிய விடல? நான் ஏதோ கெட்ட வேலை பாத்துட்டேன்னு நீங்க நெனைக்கிறதா நான்..."

"உன் வேலையில நான் எப்ப குத்தம் சொன்னேன்?" அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "கையில கட்டோட நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நீ பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிட்டு இருந்தே. ரெண்டு மணி நேரம். வண்டியப் போய்ப் பாத்துட்டு நேரா அங்கதான் வந்திருந்தே, உன் சட்டையெல்லாம் கிரீஸ். இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு பாத்தேன். நீ பழத்த உரிச்சு உரிச்சு என் வாயில வெச்சே. அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னை முட்டாளாக்குறீங்கன்னு அன்னைக்குத் தோணுச்சு. அந்த எண்ணம் போகவே இல்ல."

பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் தன்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் கணக்கில் அவள் பொய்க்குக் கூட்டாளி. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணி" என்றாள். "நான் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்புதான்." ஒரு மூச்சு விட்டுவிட்டு, சக்கரத்தைக் காட்டினாள். "இதுவும் பிரேக் இல்ல. வெறும் மூடி. உள்ள இருக்கறது சாதாரண பிரேக்குதான். அதையும் சுத்தம் பண்ணி, பேட் மாத்தி வெச்சிருக்கேன்."

இரண்டு பெண்களும் இப்போது அண்ணனைப் பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கை தப்பித்து ஓடுவதற்கு ஏற்ற இடமில்லை. இறங்கவே அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

"நான் மிதிக்கல" என்றார் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு. "மிதிக்கவே இல்ல. உன் கை உடைஞ்சதும்... வெக்கமா போச்சு. வாயில வந்தத சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"கடையில அப்படி என்னத்தப் பாத்தீங்க?"

அண்ணனின் கை மட்டும் மெதுவாக ஸ்டீயரிங்கைத் தட்டியது.

"இதையா?" என்றார் அண்ணி.

"இதே மாதிரி ஒண்ணு."

அண்ணி சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணனுக்கு அசடு வழிந்தது. அழுகிற மாதிரியும் இருந்தது.

"மூடியக் கழட்டிடவா அண்ணி?" என்று கேட்டாள் பிரேக்கம்மா.

"எதுக்கு? பாக்க நல்லாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். பிரேக்குன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் கையை நீட்டினார். "எறங்குங்க. சாவிய அவகிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"நான் ஏறி உக்காரணும்னுதான மூணு வாரமா சொல்றீங்க? உக்காரப் போறேன். அவ ஓட்டட்டும்."

அந்த வண்டியில் இருப்பதே இரண்டு இருக்கை. அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு பட்டறை வாசலில் நிற்க, பிரேக்கம்மா கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜாக்கியை இறக்கி, வண்டியை மெல்ல வெளியே எடுத்தாள். பின்மதிய வெயிலில் தெரு காலியாக இருந்தது. அண்ணி முறிந்து சேர்ந்த அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். முதல் திருப்பம் தாண்டி, நீண்ட நேர்ச்சாலைக்கு வந்தார்கள்.

"கொஞ்சம் வேகமா போ" என்றார் அண்ணி.

போனாள்.

"இப்ப நிறுத்து."

பிரேக்கம்மா மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி, இம்மியும் விலகாமல், கோடு போட்ட மாதிரி நின்றது.

"நல்லாத்தான் பிடிக்குது" என்றார் அண்ணி. "அன்னைக்கும் பிடிச்சிருக்கும்."

பிரேக்கம்மா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

"அழுதது போதும், வண்டிய எடு. பின்னாடி வண்டி வருது" என்றார். "நாளைக்கு என் வண்டிய விடறேன். லேசா ஒரு கிறீச்சுனு சத்தம். அந்தப் பட்டறைக்காரனுக்குப் பிரேக் பத்தி ஒண்ணுமே தெரியல."