பெயர் தைத்த சீட் கவர்

விளக்கு எரிந்தது காரில். விசாரணை நடந்தது என்மேல்.

உத்தனப்பள்ளி தாண்டி வரும்போது மீட்டர் பலகையில் அந்த மஞ்சள் படம் வந்தது. பார்க்க எங்கள் தோட்டத்து மோட்டார் மாதிரியே இருக்கும். செக் என்ஜின் விளக்கு. சிமிட்டினால் உடனே ஓரம் கட்ட வேண்டும். நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்ச் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று காருடன் வந்த புத்தகத்தில் படித்திருந்தேன். நிலையாகத்தான் எரிந்தது. ராயக்கோட்டை வரை பதறாமல் ஓட்டி வந்து, வாசலில் நிறுத்தி, வீட்டில் ஒளிக்காமல் சொன்னேன். அதுதான் நான் செய்த குற்றம்.

“நான் அப்பவே சொன்னன்,” என்றார் திம்மராயன் மாமா. என் கணவர் மணிவேலின் அண்ணன். தக்காளித் தோட்டமும் ரோஜாக் கொட்டகையும் அவர் பார்வையில் நடப்பவை. வீட்டில் எந்தப் பேச்சும் அவர் வாயில்தான் முடிய வேண்டும். “பெட்ரோல் வண்டின்னா பெட்ரோல் வண்டி. கரண்டு வண்டின்னா கரண்டு வண்டி. ரெண்டுங்கெட்டான் வண்டிய வாங்கியாந்து நிறுத்திகினு... பொம்பள ஓட்டுனா இப்படித்தான் ஆவும்.”

“வண்டிக்கு யாரு ஓட்றாங்கன்னு தெரியாது மாமா,” என்றேன்.

“பாத்தியாடா உம் பொண்டாட்டி வாய!”

மணிவேல் நல்ல மனிதர். அண்ணன் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடர். மற்றவர்கள் வருவதற்கு முன்பே லீடர் உள்ளே இருக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸோ மற்றவர்களின் நேரத்துக்குத்தான் எங்கள் ஊருக்கு வரும். அதனால்தான் என் சம்பளத்தில், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் இந்தப் பழைய ஹைபிரிட் காரை வாங்கினேன். கார் போனால் லீடர் வேலையும் போகும். எனக்குக் கீழே இருக்கும் பெண்களோடு பழையபடி போய் நிற்க வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாளே அவருக்குத் தெரிந்த ஒரு ஆள் வந்தான். பானெட்டைத் திறந்தான், மூடினான். எதையும் தொட்டுக்கூடப் பார்க்காமல், “ஹைபிரிட் பேட்டரி போச்சு. இதுக்கு வைத்தியம் பாக்கறதுக்குத் தள்ளி வுட்றது மேல்,” என்று தீர்ப்புச் சொன்னான். மாமா உடனே பெங்களூரு புரோக்கர் வெங்கடப்பனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. என் வண்டி! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடப் பிடிக்காமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

கம்பெனியில் எங்கள் லைனில் மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரையும் திட்டக் கூடாது. கோளாறைப் பார்த்த பெண்தான் கயிற்றை இழுத்து விளக்கைப் போடுவாள். லீடர் ஓடிப் போய் அவளிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. என்ன பார்த்தாய்? எப்போது பார்த்தாய்? அதற்கு முன்னால் என்ன மாற்றினார்கள்? திட்டினால் அடுத்த முறை ஒருத்தியும் கயிற்றைத் தொட மாட்டாள். கோளாறு லாரி ஏறிப் போய்விடும். வீட்டில் அந்தக் கேள்விகளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சரி, நானே கேட்டுக்கொள்கிறேன் என்று சனிக்கிழமை வேலை முடிந்ததும் காரை எனக்குத் தெரிந்த மெக்கானிக் மாதேஷின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினேன்.

மாதேஷ் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகிப் படித்தான்.

“பேட்டரி சாவலக்கா. சூடாவுதுன்னு சொல்லுது. அதக் குளுர வெக்க உள்ள ஒரு ஃபேன் இருக்குது. அது சுத்துது, ஆனா காத்து வரல. லைட்ட மட்டும் அழிச்சுக் குடுக்கட்டா? இப்பவே அணைஞ்சுரும்.”

“அழிச்சா?”

“திரும்பச் சூடானா திரும்ப எரியும்.”

“அப்ப அழிக்காத. காத்து எது வழியா உள்ள போவும்?”

“பின்சீட்டு ஓரத்துல ஒரு ஜன்னல் இருக்கும்.”

பின்கதவைத் திறந்தான். ஜன்னலைக் காணோம். மெரூன் நிறத்தில் தடித்த சீட் கவர்தான் இருந்தது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்தக் காரில் கடைசியாக மாற்றியது அதைத்தான். கார் வாங்கிய புதிதில் மாமா கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்த் தைத்துப் போட்ட சீர். இண்டு இடுக்கு விடாமல் இறுக்கித் தைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி, அந்த ஓரத்தில், தங்க நூலில் ‘திம்மராயன்’ என்று பூ வேலை. என் சம்பளத்துக் காரில் அவர் பெயர்! அன்றைக்கு நானும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். ஜன்னல் சரியாக அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது.

மாதேஷ் பிளேடை எடுத்தான். “வெட்டிரட்டா?”

“வேணாம். இத எங்க வூட்டு வாசல்லதான் வெட்டணும்,” என்றேன்.

ஞாயிறு காலையில் வெங்கடப்பன் வந்துவிட்டார். ஆணியில் மாட்டியிருந்த கார் சாவி அதற்குள் மாமாவின் சட்டைப் பைக்குப் போயிருந்தது. இருவரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து கன்னடத்தில் பேசினார்கள். எனக்குக் கன்னடம் தெரியாது என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ! என் லைனில் பாதிப் பேருக்கு அதுதான் வீட்டுப் பாஷை. பேட்டரி போன வண்டி, பெண்பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டாள், ஏதோ பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

“நானு கொடல்லா,” என்றேன், கொடுக்க மாட்டேன் என்று கன்னடத்திலேயே.

இருவரும் திரும்பினார்கள். என் கையில் துணி வெட்டும் கத்திரி இருந்தது.

“இன்னா பண்ற?” என்றார் மாமா.

பின்கதவைத் திறந்து, அவர் பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கத்திரியைக் குத்தினேன்.

“ஏய்! அது நான் போட்ட சீருடி! எம் பேரு இருக்குது அதுல!”

“அதான் மாமா வெட்றன். உங்க பேரு வண்டி மூக்க அடைச்சுகினு இருக்குது.”

நல்ல தடிமன். கை வலிக்க வலிக்க நான்கு பக்கமும் வெட்டி எடுத்தேன். உள்ளே கறுப்புக் கம்பி வலை. திம்மராயன் ஒரு துண்டாக என் கையோடு வந்துவிட்டார். அதை அவரிடமே கொடுத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

“சாவி.”

மாமா அசையவில்லை. மூக்கு விடைத்து நின்றார். அப்போது பின்னாலிருந்து மணிவேல் பேசினார்.

“குடுத்துருண்ணா. அது அவ வண்டி.”

கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த சொல். சாவியை வாங்கி வண்டியை உயிர்ப்பித்து ஏசியைப் போட்டுவிட்டு இறங்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஃபேன் இரைந்தது. வெட்டிய ஓரத்தில் தொங்கிய தங்க நூல் மெல்ல நகர்ந்து வலையில் போய் ஒட்டிக்கொண்டது. வெங்கடப்பன் குனிந்து அதைப் பார்த்தார்.

“லைட் இன்னும் எரியுதேம்மா?” என்றார்.

“எரியட்டும். அழிக்க வேணாம்னு நான்தான் சொன்னன். சூடு அடங்குனா அதுவா அணையும். அணையலன்னா திரும்ப மாதேஷுகிட்டப் போவன். உங்ககிட்ட வர மாட்டன்.”

திங்கட்கிழமை அந்த மஞ்சள் விளக்கோடுதான் வேலைக்குப் போனேன். மாமா வாசலில் நின்று, பாதி வழியில் நின்றால் யார் வந்து இழுப்பார்கள் என்று கேட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அந்த வாரத்திலேயே ஒரு காலை வண்டியைக் கிளப்பியபோது விளக்கு இல்லை. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஓசூரில் பூ வியாபாரியை விடிந்ததும் பார்க்க வேண்டிய ஒரு நாளில், அந்த நேரத்துக்கு வேறு வண்டி இல்லாமல், ஒன்றும் சொல்லாமல் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். வெட்டிய இடம் பக்கத்திலேயே இருந்தது. உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மறைத்தார்.

நான் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

“மாமா, துண்ட எடுங்க.”

முறைத்தார். நானும் முறைத்தேன். பஸ்ஸும் இல்லை, பைக்கும் இல்லை, ஓசூரில் பூக்காரன் காத்திருக்கிறான். துண்டை எடுத்தார். ஓசூர் வரும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.